விசில் ஊதின பிறகு

என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டீங்கல்லங்ணா, சொன்னாச் சிரிப்பீங்க. வில்லன் செய்யறதுதான் என் வேலை. சினிமாவுல இல்லைங்க. கம்ப்யூட்டர்ல, போன்ல எல்லாம் விளையாடறாங்க பாருங்க, அந்த கேம்ல. கட்டத்துக்குக் கட்டம் கடைசியில பெரிசா ஒருத்தன் வழிய மறிச்சுட்டு நிப்பான். அவனச் சாய்ச்சாத்தான் மேல போக முடியும். எங்க தொழில்ல அவனுக்குப் பேரு பாஸ். சம்பளம் குடுக்கற பாஸ் இல்லைங்க, இது வேற. ஆனா இப்ப ரெண்டு பேருகூடயும் எனக்குச் சண்டைதான்.

உடுமலையில பஸ் ஏறறப்பவே என் மூஞ்சி சரியில்லைன்னு பாத்திருப்பீங்க. பொண்டாட்டியக் கூட்டிட்டு வரலாம்னு போனேனுங்க. தனியாத் திரும்பறேன். ஒரு வில்லனால வந்த வினை. நான் செஞ்ச வில்லன். சொன்னா நம்புவீங்களா?

இருங்க, முதல்ல இந்த பாஸ் எப்படிச் செய்யறதுன்னு சொல்லிர்றேன். அது தெரியாட்டி என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது. சும்மா பலசாலியா ஒருத்தன நிறுத்திட்டா ஆச்சுன்னு நினைப்பாங்க. அது யாரு வேண்ணாலும் பண்ணலாம். நூறு அடி அடிச்சாலும் சாகாம ஒருத்தன் நின்னான்னா விளையாடறவனுக்குக் கொட்டாவிதான் வரும். சூட்சுமம் எங்க இருக்குன்னா, அவன் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாடை காட்டணும். தோள் லேசாப் பின்னுக்குப் போகணும், இல்ல மூச்ச இழுக்கணும், இல்ல ஒரு கால எடுத்து வைக்கணும். முதல் தடவை அது உங்க கண்ணுக்கே தெரியாது, அடி வாங்கிச் செத்துருவீங்க. திரும்பப் போவீங்க. மறுபடி சாவீங்க. அப்பறம் ஒரு தடவை அந்தத் தோள் அசையறது கண்ணுல படும் பாருங்க, அங்கதான் சுகமே. ஓகோ, இதான் வருதான்னு விலகுவீங்க. விலகி நீங்க ஒரு அடி குடுப்பீங்க. செத்தாலும் 'ச்சே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்'னு தோணணுங்ணா. 'இது ஏமாத்து'ன்னு மட்டும் தோணவே கூடாது. தோணிருச்சுன்னா போனத் தூக்கிக் கட்டில்ல எறிஞ்சுட்டுப் போயிருவான். திரும்ப வரமாட்டான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு இப்ப ஆபீஸ்ல பேசறாங்க. புதுசா வர்ற பசங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நான்தானுங்க.

என் சம்சாரம் பேரு சுகந்தி. ஸ்கூல்ல பி.டி. டீச்சர். எறிபந்து, கபடின்னு எப்பப் பாத்தாலும் மண்ணும் வெயிலுமா இருப்பா. கழுத்துல விசில் கிடக்கும். வீட்டுக்கு வந்தும் கழட்ட மறந்துருவா. நான் செய்யற கேம் எதையும் அவ தொட்டது கிடையாது. உக்காந்த எடத்துல உக்காந்து விரலை ஆட்டறதுக்குப் பேரு விளையாட்டான்னு கேப்பா.

ஸ்கூல் ஆண்டு விழா அன்னைக்குக் குளிக்கறப்ப மாருல கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. அன்னைக்குச் சாயந்தரம் மாஸ் டிரில் எல்லாம் நடத்திட்டு வந்துதான் எங்கிட்டச் சொன்னா. அப்பறம் உங்களுக்குத் தெரியுமே. ஆபரேசன், கீமோ, ஆஸ்பத்திரி. மருந்து ஏறறப்ப மணிக்கணக்கா அந்தச் சேர்ல சாஞ்சுட்டுக் கெடக்கணும். பொழுது போகாம, உங்க கேம்ல ஒண்ணக் குடுங்கன்னா. என் டேப்லெட்டக் குடுத்தேன். முதல் நாள் திட்டிட்டே விளையாடுனா. அப்பறம் என்னைவிட நல்லா விளையாட ஆரம்பிச்சுட்டா. விளையாட்டு வாத்தியார் கை இல்லைங்களா? முடி பூராக் கொட்டிப் போய், தலையில துண்டக் கட்டிட்டு, பல்லக் கடிச்சுட்டு ஒவ்வொரு பாஸாச் சாய்ப்பா. நர்ஸுங்க எல்லாம் வந்து நின்னு வேடிக்கை பாப்பாங்க.

ஒரு நாள் கேட்டேன், இதுல உனக்கு அப்படி என்ன பிடிச்சுதுன்னு. யோசிச்சுட்டுச் சொன்னா: "இதுல அடி எங்கிருந்து வருதுன்னு முன்னாடியே தெரியுதுங்க. கவனிச்சாத் தப்பிச்சுக்கலாம். அடிச்சாச் சாகுது. செத்தா முடிஞ்சுது."

நான் பூரிச்சுப் போயிட்டேனுங்க. எங்க தொழிலோட ரகசியத்த இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்லை. மறுநாள் ஆபீஸ்ல எல்லாத்துகிட்டயும் சொன்னேன்.

வைத்தியம் முடிஞ்சுது. ஸ்கேன் பாத்துட்டு டாக்டர், இப்ப ஒண்ணுமில்ல, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க, மத்தபடி சந்தோசமா இருங்கன்னு அனுப்பிச்சுட்டாரு. அவ அக்கா பூங்கொடி உடுமலையில இருக்குது, இப்ப நான் போயிட்டு வந்தது அங்கதான். அது ஒரு தூக்கு நெறைய கேசரி கிண்டி எடுத்துட்டு வந்துருச்சு. எல்லாரும் தின்னாங்க. நான் மட்டும் வாயில வெக்கலைங்ணா. சந்தோசப்படக் கூடாதுன்னு இல்லை. மூணு மாசத்துக்கு ஒருக்கா எதுக்கு வரச் சொல்றாரு? திரும்பி வரும்னுதானே? அத அங்க ஒருத்தரும் யோசிக்கலை. யாராவது ஒருத்தர் யோசிக்கணுமில்லைங்களா?

நான் யோசிச்சேன். ராப்பகலாப் படிச்சேன். எந்தெந்தச் சாதிக் கட்டி எத்தனை பேருக்குத் திரும்ப வருது, எங்க வருது, எலும்புல வந்தா எப்படி, ஈரல்ல வந்தா எப்படி. அவகிட்டயும் சொல்லுவேன். தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே? ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு பையி வெச்சிருந்தோம். துண்டு, பிளாஸ்க், மாத்துத் துணி, டம்ளர். அவ அதையெல்லாம் எடுத்து அலமாரியில வெச்சுட்டா. நான் திரும்ப எடுத்துக் கட்டி, கதவுக்குப் பின்னாடி வெச்சேன். அவசரத்துக்கு எங்க தேடறது? மறுபடி பிரிச்சா. மறுபடி கட்டி வெச்சேன். அப்பறம் அவ பிரிக்கறத விட்டுட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

ஸ்கூலுக்குத் திரும்பப் போறேன்னா. அடுத்த ஸ்கேன் ஆகட்டும்னேன். கொடைக்கானல் போலாமான்னா. அடுத்த ஸ்கேன் ஆகட்டும். முடி முளைச்சு வருதே, சீப்பு ஒண்ணு வாங்கலாமான்னா. அதுக்கு ஒண்ணும் சொல்லலைங்க. வாங்கிக் குடுத்தேன். நான் அப்படியொண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்தச் சமயத்துலதான் புது கேம் ஒண்ணு செஞ்சுட்டு இருந்தோம். பேரு மடை. ஊருக்குத் தண்ணி வரலை, ஒரு பொண்ணு மலைக்கு ஏறிப் போயி மடையத் தொறக்கணும். உச்சியில மடைக்காவலன்னு கல்லுல ஒருத்தன் நிப்பான். அவன்தான் கடைசி பாஸ். என் பொறுப்பு. அண்ணா, என் வாழ்நாள்ல அப்படி ஒருத்தன நான் செஞ்சதில்லை. அவன் தோள் திரும்பறது, கல்லு உரசற சத்தம், அடிச்சு முடிச்சுட்டு ஒரு நொடி குனிஞ்சு நிக்கறது, ஒவ்வொண்ணையும் வாரக்கணக்காச் செதுக்குனேன். கஷ்டமா இருப்பான், ஆனா நேர்மையா இருப்பான். சாய்ச்சா மலையே அதிர்ற மாதிரி விழுவான். பாட்டு வரும். பொண்ணு நடந்து போயி மடையில கைய வெப்பா.

அங்கதான் நான் ஒண்ணு சேத்தேன். கைய வெக்கறப்ப, செத்துக் கெடக்கறவன் எந்திரிச்சு அடிப்பான். ஒரே அடி. சாடை கிடையாது, சத்தம் கிடையாது, பாட்டுகூட நிக்காது. செத்துட்டா அடிவாரத்துலருந்து திரும்ப ஏறணும்.

எங்க ஆபீஸ்ல நஸ்ரின்னு ஒரு பொண்ணு. கேம் வெளிய போறதுக்கு முன்னாடி விளையாடிப் பாத்துக் குறை சொல்றது அவ வேலை. இந்த எடத்துக்கு வந்தா. விளையாடுனா. திரும்பி என்னையே பாத்தா. அண்ணா, இது நீங்க செய்யற வேலை மாதிரியே இல்லையேன்னா. ஏம்மான்னேன். மத்த எடத்துல நீங்க எதிர்ல நின்னு சொல்லிக் குடுக்கறீங்க, இங்க முதுகுல குத்தறீங்க. இதுல நான் என்ன கத்துக்கணும்னு கேட்டா. யாரையும் நம்பாதேன்னு கத்துக்கோன்னேன். அப்பறம் மெதுவா, அண்ணிக்கு இப்ப உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நல்லாத்தான் இருக்கா, நீ வேலையப் பாருன்னு சொல்லிட்டேன். வேலைக்கு நடுவுல வீட்டு விசயம் பேசறது எனக்குப் பிடிக்காதுங்க.

ஓனர் ஜெரால்ட் சாரு, நான் சொன்னா மறுத்துப் பேசமாட்டாரு அப்ப. உன் இஷ்டம் திருமூர்த்தின்னாரு.

வெளிய விடறதுக்கு முன்னாடி வீட்டுக்குக் கொண்டாந்து சுகந்திகிட்டக் குடுத்தேன். அவளவிட ஒரு நல்ல ஆட்டக்காரி எனக்கு எங்க கிடைப்பா? உச்சிக்கு வர்றதுக்கே நாளாச்சு. காவலன்கிட்ட மாட்டிட்டுக் கெடந்தா. சோறு வெந்துட்டு இருக்கும், இவ சோபாவுல சம்மணம் போட்டுட்டு, ம், வலது தோளு, ம், இப்பக் குனிவான்னு தனியாப் பேசிட்டு இருப்பா. ரொம்ப நாளைக்கப்பறம் அவ முகத்துல பழைய களை பாத்தேனுங்க. கிரவுண்டுல நிக்கறப்ப இருக்குமே, அந்த மாதிரி.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாய்ச்சுப் போட்டா. துள்ளி எந்திரிச்சுட்டா. டேப்லெட்ட சோபாவுல வெச்சுட்டு உடனே போன எடுத்து அக்காவுக்குப் போட்டா. "அக்கா, சாச்சுட்டேன்க்கா. ஆமா, அவனையேதான்"னு சிரிக்கறா. கண்ணுல தண்ணி. அந்தப் பக்கம் அக்காவும் சிரிக்குது, எனக்கே கேக்குது. கேம்ல அந்தப் பொண்ணு மடைக்குப் பக்கத்துல சும்மா நிக்கறா.

நான் எதிர்ல உக்காந்திருந்தேன். மொதல்ல மடையத் தொற, அப்பறம் பேசுன்னேன்.

போனத் தோள்ல இடுக்கிட்டு, டேப்லெட்ட எடுத்து அழுத்துனா.

அவ முகத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். அது எங்களுக்குப் பழக்கமுங்க, திரையப் பாக்கமாட்டோம், விளையாடறவங்க முகத்தத்தான் பாப்போம். அந்த முகம் எப்படி மாறுச்சுன்னு சொல்லத் தெரியலை. டாக்டர் முதல்ல அந்த ரிப்போர்ட்டப் பிரிச்சப்போ பாத்த அதே முகம். அக்காகிட்ட அப்பறம் பேசறேன்னு சொல்லிப் போன வெச்சா.

"இது தானா எந்திரிச்சுதா, நீங்க எந்திரிக்க வெச்சீங்களா?"

"நான்தான் வெச்சேன்."

"ஏதாவது அசைவு, சத்தம், நான் பாக்காம விட்டுட்டனா?"

"இல்ல. ஒண்ணும் கிடையாது. அதுதான் விசயமே. நிஜத்துல அப்படித்தானே வரும்?"

டேப்லெட்டக் கவுத்து வெச்சா. அப்பறம் சொன்னா. கோபமாக்கூடச் சொல்லலைங்க, பசங்களுக்கு விதி சொல்லிக் குடுக்கற மாதிரி சொன்னா: "விசில் ஊதின பிறகு அடிச்சா, அதுக்குப் பேரு ஆட்டம் இல்லைங்க. நான் ஜெயிச்சேன். ஒரு பத்து நிமிசம் என்னை ஜெயிச்சவளா இருக்க விட்டிருக்கலாம்."

எனக்கு உண்மையச் சொல்லணும்னா, உள்ளுக்குள்ள ஒரு பெருமைதானுங்க. ஒரு கேம் ஒரு ஆளை அந்த அளவுக்குத் தொடுதுன்னா அது சாதாரணமா? அவகிட்டப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். உனக்காகத்தான் இத வெச்சேன், நாளைக்கே ஒண்ணு வந்தா நீ ஒடஞ்சு போயிறக் கூடாது, மனசு தயாரா இருக்கணும்னு. அவ எந்திரிச்சுப் போயி சோத்த எறக்கி வெச்சா. செடிக்குத் தண்ணி விட்டா. மறுநாள் காத்தால ஒரு துணிக்கடைப் பையில நாலு சேலையப் போட்டுட்டு, அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னா. எத்தனை நாளைக்குன்னேன். தெரியலைன்னா. சண்டையே போடலைங்ணா. சண்டை போட்டிருந்தாக்கூட என்ன தப்புன்னு தெரிஞ்சிருக்கும்.

கேம் வெளிய வந்துச்சு. மொத வாரமே ஜனங்க கண்டபடி எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அத்தனை பேரும் அந்த ஒரு எடத்தத்தான் சொன்னாங்க. காவலன் அருமை, சண்டை அருமை, ஆனா அந்த மடைகிட்ட எங்களை ஏமாத்திட்டீங்கன்னு. ஒருத்தன் எழுதியிருந்தான், 'இதச் செஞ்சவரு யாரோ ரொம்பப் பயந்த ஆளா இருக்கணும்'னு. பயந்த ஆளாம். நானா? எல்லாரும் கண்ண மூடிட்டுக் கேசரி தின்னப்ப, கண்ணத் தொறந்து வெச்சுட்டு இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஜெரால்ட் சாரு கூப்பிட்டு, அத எடுத்துரலாம்னாரு. நான் முடியாதுன்னேன். அவரு எங்கிட்டக் கேக்காமயே நஸ்ரின வெச்சு எடுத்துட்டாரு. இப்பக் காவலன் விழுந்தா விழுந்ததுதான். பொண்ணு மடையத் தொறக்கறா, தண்ணி வருது, ஊரே நனையுது, அவ்வளவுதான். ஜனங்க கொண்டாடறாங்க. அழுதுட்டேன்னெல்லாம் எழுதறாங்க. எல்லாத்துக்கும் பொய்தான் வேணுமா இருக்குதுங்ணா. நான் அன்னைலருந்து ஆபீஸ் போகலை. வீட்ல சும்மாதான் கெடக்கறேன்.

சரி, எத்தனை நாளைக்குத்தான் இப்படி, போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு இன்னைக்குக் கெளம்புனேன். அக்கா வீட்டுக்குப் பின்னாடி ஒரு காலி எடம். அங்க தெருப் பொண்ணுகளச் சேத்துட்டு எறிபந்து சொல்லிக் குடுத்துட்டு இருக்கா. தொப்பி போட்டிருந்தா, தொப்பிக்கு வெளிய முடி கொஞ்சம் சுருட்டையா எட்டிப் பாக்குது. முன்னாடி அவளுக்குச் சுருட்டை கிடையாதுங்க. பந்து தூரமாப் போச்சு, அதுக்கு ஓடுனா. பழைய ஓட்டம். "சுகந்தி, ஓடாதே"ன்னு கத்திட்டேன். பொண்ணுக எல்லாம் அப்படியே நின்னுருச்சு.

அவ பந்த எடுத்து ஒரு பொண்ணுகிட்டக் குடுத்துட்டு, மெதுவா நடந்து வந்தா. சாப்புட்டீங்களான்னா. அப்பறம், போன வாரம் ஸ்கேன் எடுத்தாச்சு, அக்கா கூட வந்துச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னா. எனக்கு என்ன கோபம் முதல்ல வந்துச்சுன்னா, எங்கிட்டச் சொல்லாம எப்படிப் போலாம்? ஆனாக் காட்டிக்கலை. ரிப்போர்ட் எங்கன்னேன். அடுத்தது எப்பன்னேன்.

அவ என்னையே பாத்தா. அந்த வெயில்ல கண்ணச் சுருக்கிட்டுப் பாத்தா.

"நல்லதாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். இப்பவே பைய எடுத்துட்டு உங்ககூட வந்துர்றேன்."

இதென்ன பெரிய விசயம்? சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா அதத்தான் சொல்லப் போனேன். "இப்போதைக்கு நல்லதாப் போச்சு"ன்னு வந்துருச்சுங்ணா.

இப்போதைக்கு. அந்த ஒரு வார்த்தை.

அவ தலைய ஆட்டிக்கிட்டா. சரி, உள்ள அக்கா இருக்கு, சாப்புட்டுட்டுப் போங்கன்னு சொல்லிட்டு பொண்ணுககிட்டப் போயிட்டா. நான் போயிச் சாப்பிட்டேன். பூங்கொடி தட்டக் கொண்டாந்து வெச்சுது, குழம்ப ஊத்திட்டு உள்ள போயிருச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். திரும்பிப் பாத்தப்ப அவ மறுபடி ஓடிட்டு இருந்தா.

நீங்களே சொல்லுங்க. நான் சொன்னதுல ஏதாச்சும் பொய் இருக்குதுங்களா? டாக்டரே இப்போதைக்குன்னுதானே சொல்றாரு? இந்த ஒரு வார்த்தைக்குப் போயி யாராவது வீட்டுக்கு வராம இருப்பாங்களா?

நல்லதாப் போச்சு.

பாருங்க, உங்ககிட்டச் சொல்ல வருது. நல்லதாப் போச்சு, சுகந்தி. வருதுங்களே.

என்னங்க? பொள்ளாச்சியா? ஆமா, எதிர்ல நிக்கறது உடுமலை வண்டிதான், எனக்கும் தெரியுது. இப்ப எறங்கி ஏறுனாப் பொழுதுக்குள்ள போயிரலாம்தான். வேண்டாங்ணா, அவசரப்பட வேண்டாம். மூணு மாசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். அடுத்த ஸ்கேன் முடியட்டும். அதுவும் நல்லபடியா வந்துட்டா, நேராப் போயி நின்னு சொல்லிர்றேன். அப்பச் சொன்னா அது பொய்யா இருக்காதில்லைங்களா?